நீறு பூத்த வயிரம்

வயிரம் என்னுஞ் சொல்லுக்குத் தமிழ் வழக்கிலே மூன்று பொருள்கள் முன்னிற்கின்றன. நவமணிகளுள் ஒன்றாகிய கல் முதலாவது. முற்றிய மரத்தின் நடுவே இறுகி நிற்குங் கட்டை இரண்டாவது. எம் வன்னிப் பகுதியார் பாலையையும் முதிரையையும் தட்டிப் பார்த்து, ‘வைரம் பாய்ந்த மரம்’ என்று மெச்சுவர். நெஞ்சிலே ஆறாது கிடக்கும் பகை மூன்றாவது. வடமொழியிலே கல்லைக் குறிக்குஞ் சொல்லும் பகையைக் குறிக்குஞ் சொல்லும் வெவ்வேறாயினும், தமிழர் நாவில் அவை ஓரொலியாய்ச் சேர்ந்துவிட்டன. அச்சேர்க்கை பொருத்தமற்றதென்று சொல்லுதற்கில்லை. மூன்றுக்கும் பொதுவாய் நிற்பது இறுக்கமேயன்றோ?

இவ்விறுக்கம் அளந்து காணப்பட்டதொன்று. பிரெடரிக் மோசு என்னும் செருமானியர் 1812 ஆம் ஆண்டிலே கனிப்பொருள்களை அவற்றின் வன்மைப்படி பத்துப் படிகளில் நிரைப்படுத்தினார். நீலமும் மாணிக்கமும் ஒன்பதாம் படியில் நிற்க, வயிரம் பத்தாம் படியைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டது. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே கிடக்கும் வேற்றுமை, ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையே உள்ள வேற்றுமையினும் பெரிது என்பர் அறிந்தோர்.

இத்துணை வலிய பொருள் எதனாலுங் கெடாது என்றே உலகம் நெடுங்காலம் எண்ணிற்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, மதுரை மாநகரின் இரத்தினக் கடைத்தெருவைக் காட்டுமிடத்து, வயிரத்துக்குரிய நான்கு குற்றங்களைச் சுட்டுகின்றது. காக்கைக் கால்போன்ற குறி, அழுக்கு, புள்ளி, கீற்று என இக்காலத் தமிழில் அவற்றைக் கூறலாம். இவை யாவும் மண்ணுக்குள்ளே கல் உருவாகும்பொழுது உடன் தோன்றுபவை. மனிதன் கைக்கு வந்தபின் வயிரத்துக்கு நேரக்கூடிய ஐந்தாவது குற்றம் ஒன்றுண்டு. அது தீயினால் வருவது. அக்குற்றத்தைப் பற்றியும், அதனை வாராமற் காக்கும் மெல்லிய போர்வையைப் பற்றியுமே இக்கட்டுரை பேசப் புகுகின்றது.

மாறிய கல்லா, எரிந்த கல்லா?

நெளுக்குளத்திலே தமிழ் கற்பிக்கும் ஒருவனிடம் இலக்கணங் கேட்க வருவோர் சிலர்; விண்ணப்பம் எழுதுவிக்க வருவோர் பலர். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் அவ்வாறு வந்தார். அவருடைய தாயார் அணிந்த ஒரு சோடி வயிரத்தோடு அவரிடம் இருந்தது. 2009 ஆம் ஆண்டிலே முல்லைத்தீவுக் கரையிலிருந்து செட்டிகுளத்து முகாம்வரை வந்த வழியெல்லாம், சேலைத் தலைப்பிலே முடிந்து அதனைக் காத்து வந்தவர் அவர். வீடும் வளவும் மாடும் போயின. தோடு மட்டும் எஞ்சியது. மகளின் திருமணத்துக்கென்று அதை எடுத்துப் பார்த்தபோது, ஒன்றின் சுரை கழன்றிருந்தது. நகரிலுள்ள ஒரு கடையிலே ஒட்டுவிக்கக் கொடுத்தார். திரும்பி வந்த தோட்டின் கல், கஞ்சியின் ஆடை படிந்ததுபோல வெளிறியிருந்தது. மற்றையதோ பழையபடியே ஒளிவிட்டது.

“வாத்தியார், கல்லை மாத்திப் போட்டாங்கள். பொலிசுக்கு ஒரு முறைப்பாடு எழுதித் தாருங்கோ” என்றார்.

அக்கடையிலே ஒட்டுவேலை செய்தவன் இருபது வயது நிரம்பாத ஓர் இளைஞன். கள்வன் என்ற பெயர் ஒருமுறை ஏறிவிட்டால், எந்தப் பட்டறையிலும் அவனுக்கு இடங் கிடையாது. ஆகவே, எழுதுமுன் கல்லை அறிந்தார் ஒருவருக்குக் காட்டுவோம் என்று சொல்லி, எழுபது வயது கடந்த பொற்கொல்லர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். அப்பெரியவர் கண்ணாடிவில்லையைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின்பு பொற்கூட்டின் விளிம்பை மெல்ல நெம்பிக் கல்லைக் கழற்றினார். மேற்புறம் வெண்மை, பொன்னுக்குள் புதைந்திருந்த அடிப்புறமோ தெளிந்த நீர்போலக் கிடந்தது. அத்தெளிவினூடே உள்ளே ஒரு சிறு கீற்றுத் தெரிந்தது. தம் தாயார் அக்கீற்றைக் காட்டிக் குறைப்பட்டுக்கொண்டதை அம்மையார் அறிவார்.

“பிள்ளை, கல் மாறேல்லை, கல் எரிஞ்சு போச்சு. பொன் மூடின இடம் தப்பிச்சுது, காத்துப் பட்ட இடம் வெந்துது” என்றார் பெரியவர்.

முறைப்பாடு எழுதப்படவில்லை. கடைக்காரர் செலவை ஏற்றுக்கொண்டு கல்லைக் கொழும்புக்கு அனுப்பி, வெண்படலம் நீங்கப் பட்டை தீட்டுவித்துக் கொடுத்தார். எடை சிறிது குறைந்தது, ஒளி மீண்டது.

பொற்கொல்லன் ஒருவன் சொன்ன பொய்யை ஆராயாது ஏற்றதனால் குற்றமற்றான் ஒருவன் மடிந்த கதையை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிப்பவன் யான். இங்கே அக்கதை தலைகீழாய் நடக்கவிருந்தது: பொற்பணியாளன் மேலேயே பொய்ப்பழி ஏறவிருந்தது. அவனைக் காத்தது அப்பெரியவரின் கல்லறிவு. வயிரம் எரியும் என்ற ஓர் உண்மை ஊரவர்க்கும் பணியாளர்க்கும் தெரிந்திருக்குமாயின், கல்லும் வெந்திராது, பழியும் எழுந்திராது.

பாரிசு நகரத்து வழக்கு

நெளுக்குளத்தில் எழுந்த இவ்வழக்கு புதியதன்று. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே பாரிசு மாநகரிலும் இதுவே வழக்காயிற்று. அதற்கும் முன்பு, 1694 ஆம் ஆண்டளவிலே, இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் அவெரானி, தார்ச்சியோனி என்னும் இருவர் பெரிய வில்லையினால் ஞாயிற்றின் கதிரைக் குவித்து வயிரத்தின்மேல் விழச்செய்து, அது மறைந்தொழியக் கண்டனர். கண்டனரேயன்றிக் காரணம் துணியப்படவில்லை. 1771 ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்து இரசாயனராகிய மக்கேர் என்பவர், உலையிலிட்ட வயிரத்தைச் சூழ்ந்து ஒரு மெல்லிய சுடர் நிற்பதைக் கண்டார். வயிரம் எரிகின்றது என்றனர் அறிஞர். மணிவணிகரோ அதை ஒப்பவில்லை. கற்களிலுள்ள மறுவைப் போக்கற்காகத் தாம் வயிரத்தை நெருப்பிலிட்டு எடுப்பது வழக்கமென்றும், ஒருநாளும் அது கெட்டதில்லையென்றும் அவர்கள் சாதித்தனர்.

மயார் என்னும் மணிவணிகர் மூன்று வயிரங்களைக் கொண்டு வந்தார். களிமண்ணாற் செய்த புகைக்குழாயின் கிண்ணத்தினுள்ளே அவற்றை வைத்து, சுற்றிலும் கரித்தூளை இறுக அடைத்து, வாயை மூடி, மூசையிலிட்டுக் கடுந்தீயிலே பல மணிநேரம் வைத்தார். அறிஞர் பலர் சூழ்ந்திருந்து பார்த்தனர். உடைத்துப் பார்க்கையில் மூன்று கற்களும் முன்போலவே இருந்தன.

வென்றவர் மணிவணிகர் என்றே கண்டோர் எண்ணியிருப்பர். ஆயினும் அக்கூட்டத்திலே இலவோசியர் என்னும் இளைய அறிஞரும் இருந்தார். திறந்த உலையிலே அழிந்த கல், கரித்தூளுக்குள்ளே பிழைத்தது ஏன் என்று அவர் வினவினார். வேறுபட்டது காற்று ஒன்றே. கரித்தூள் காற்றைத் தடுத்தது. உட்புகுந்த சிறிதளவையுந் தானே முந்தி எரிந்து தீர்த்தது. ஆகவே வயிரம் தீயிலே கெடுவது காற்றுள்ள இடத்திலேதான் என்பது துணிபாயிற்று. இரு திறத்தார் கூற்றும் மெய். இருவர் கூற்றும் பாதி மெய். மயார் தம் கட்சியை நாட்டச் செய்த சோதனை, எதிர்க்கட்சியின் உண்மையை விளக்கும் விளக்காயிற்று.

1797 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தினரான சிமித்சன் தெனன்று, வயிரத்தைப் பொற்குழாய்க்குள் வெடியுப்போடு சேர்த்து எரித்து, அதிலிருந்து எழுந்த காபனீரொட்சைட்டை அளந்தார். ஒரே எடையுள்ள அடுப்புக்கரி எவ்வளவு தருமோ அவ்வளவே அதுவுந் தந்தது. விலைமதிப்பற்ற வயிரமும் அடுப்புக்கரியும் ஒருதாய் மக்கள் என்பது அன்று நிறுவப்பட்டது. 1814 ஆம் ஆண்டிலே அம்பிரி தேவியும் அவர் உதவியாளராய்ச் சென்ற பரடேயும் புளோரன்சு நகரத்துப் பெருவில்லையினால் வயிரத்தை எரித்து, அது காபனேயன்றி வேறில்லை என்பதை உறுதிப்படுத்தினர்.

எரிந்து முடிந்தவை

இவ்விடத்திலே ஓர் ஐயம் எழும். இரத்தினபுரியிலே அகழ்ந்தெடுக்கப்படும் நீலக்கல்லினத்தைச் சேர்ந்த, பால்போல் மங்கிய ‘கெவுடா’ என்னுங் கற்களை 1,600 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட உலையிலே வேகவைத்து நீலமாக்குகின்றனர். அக்கற்கள் அத்தீயினால் ஒளி பெறுகின்றன. அவற்றினும் வலிய வயிரமோ காற்றிலே 700 பாகை அளவிலேயே வெளியிலிருந்து கரையத் தொடங்குகின்றது. வலியது கெட, அதனின் மெலியது பிழைப்பது எங்ஙனம்?

இதற்கு விடை வன்மையில் இல்லை, பிறப்பில் உள்ளது. எரிதலென்பது ஒரு பொருள் ஒட்சிசனோடு கூடுதல். அதனையே எம் நாட்டுத் தமிழ்ப் பாடநூல்கள் ஒட்சியேற்றம் என்று அழகாகப் பெயரிட்டுள்ளன. நீலமும் மாணிக்கமும் அலுமினியமும் ஒட்சிசனும் முன்பே கூடிப் பிறந்தவை. மாத்தறை வைரமென்று பெயர்பெற்று வயிரம்போல விற்கப்பட்ட வெண்ணிறச் சேர்க்கன் கல்லும் அத்தகையதே. ஒட்சிசன் அதனுள்ளே முன்னரே குடிகொண்டுள்ளது. இவையெல்லாம் ஒருவகையில் எரிந்து முடிந்த பொருள்கள். எரிந்து முடிந்தது மீண்டும் எரியாது. வயிரமோ இன்னும் எரியாத கரி. அதன் அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்பதனால் உராய்வுக்கும் அடிக்கும் ஈடுகொடுக்கும். வெப்பம் மிகுந்த ஒட்சிசன் வந்து அணுவணுவாய்க் கவர்ந்து காபனீரொட்சைட்டாய்க் கொண்டுபோகும்போது அவ்விறுக்கம் உதவுவதில்லை.

எம் ஊர்ப் பெண்மக்கள் இதற்குரிய பரிகாரத்தை இரசாயனம் பயிலாமலே அறிந்திருந்தனர். இரவிலே சமையல் முடிந்ததும் அடுப்பிலுள்ள தணலை ஒதுக்கி அதன்மேல் சாம்பலைப் பரப்பி மூடுவர். விடியற்காலையில் சாம்பலை விலக்கி ஊதினால் தணல் கண் விழிக்கும். இதுவே ‘நீறு பூத்த நெருப்பு’ என்னும் பழமொழிக்கு நிலைக்களம். சாம்பலால் மூடுண்ட தணலுக்குக் காற்றுப் போதிய அளவு கிடையாது; ஆதலின் அது மெல்ல மெல்லவே எரிகின்றது. சாம்பல் எரிந்து முடிந்த பொருளாதலின், தான் எரிந்துபோகாது காவல் நிற்கின்றது. எரியக்கூடியதை எரிந்து முடிந்ததாற் போர்த்துக் காத்தல் என்பதே இதன் சூத்திரம். வயிரத்தைக் காக்க இன்று உலகமெங்கும் இடப்படும் பூச்சுக்களெல்லாம் இச்சூத்திரத்தின் விரிவுரையே என்க.

இலங்கையிலே வயிரம் அகழப்படுவதில்லை. அதன் உடன்பிறப்பாகிய காரீயமோ போகலையிலும் ககட்டகககையிலும் பாறைப் பிளவுகளில் நரம்புநரம்பாக ஓடிக் கிடக்கின்றது. அக்காரீயத்தைக் களிமண்ணோடு கலந்து, உலோகம் உருக்கும் மூசைகளைச் செய்தனர். இந்நாட்டுக் காரீயம் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பெருமளவில் ஏற்றுமதியானது மூசைத் தொழிலுக்காகவே. காரீயமும் கரியாதலின் உலையில் எரிந்து தேயும். அதைத் தடுக்க, மூசையின் புறத்தே கண்ணாடிபோல் உருகி மூடும் மெருகுப்பூச்சு இடுவர். பீங்கான் கோப்பையின் மினுக்கமும் இவ்வினத்ததே. கோப்பைக்கு அது அழகு. மூசைக்கு அது ஆயுள்.

வெங்காரத்தின் காவல்

இனிப் பொற்கொல்லர் பட்டறைக்குச் செல்வோம். இரு பொற்றுண்டங்களை இணைக்க இடையே வைத்து உருக்குங் கலப்புலோகத்தைப் பற்றாசு என்பர். யாப்பிலக்கணம் பயின்றோர்க்கு இச்சொல் புதிதன்று. நேரிசை வெண்பாவிலே தனிச்சொல்லை முன்னடியோடு பொருத்த இடப்படும் அசைக்கு ‘ஆசு’ என்று பெயரிட்டவர்கள், அதனைப் பொற்கொல்லரிடமிருந்தே கடன்கொண்டனர். பற்றாசைப் பொடியாக்கி வைத்து ஊதுகுழலால் ஊதுவதனால், ‘பொடிவைத்து ஊதுதல்’ என்னும் வழக்கும் எழுந்தது. மறைபொருள் வைத்துப் பேசுவாரை அவ்வாறு சொல்கின்றோம்.

பொன்னுக்கு இடும் பற்றாசுகள் பெரும்பாலும் 700 பாகைக்கும் 900 பாகைக்கும் இடையே உருகுபவை. வயிரம் எரியத் தொடங்கும் எல்லையும் அதுவே. ஆதலால், கல் பதித்த நகையை ஒட்டுவோர் ஒவ்வொருவரும் எல்லைக்கோட்டின் மேலே நின்று தொழில் செய்கின்றனர். உமியோட்டுத் தணலையும் எண்ணெய் விளக்கையும் வாயால் ஊதும் குழலையும் கொண்டு தொழில் செய்த காலத்திலே தீ மெல்ல ஏறிற்று. சுற்றியிருந்த தணலும் காற்றிலுள்ள ஒட்சிசனில் ஒரு பங்கைத் தானே உண்டது. மயார் அடைத்த கரித்தூளின் வேலையை அத்தணல் ஓரளவு செய்தது எனலாம். இன்றைய எரிவாயுக் குழல் கணப்பொழுதிலே கடுஞ்சூடு தருவது. நேரடியாகக் கல்லின்மேற் பட்டால், ஒரு நிமிடத்திலே தலைமுறைச் சொத்து வெளிறிவிடும்.

இதற்குக் காவலாவது வெங்காரமும் அதன் உறவாகிய போரிக்கமிலமுமாம். வெங்காரம் முற்காலத்திலே திபெத்து நாட்டு ஏரிக்கரைகளிலிருந்து மலைகடந்து வந்த உப்பு. பொன்னின்மேற் படரும் அழுக்கை உருக்கிக் கரைத்துப் பற்றாசு ஓடுதற்கு வழிசெய்வது அதன் முதற்பணி. கல்லைக் காப்பது அதன் இனத்தின் இரண்டாம் பணி. செய்முறை எளிது. எண்ணெயும் அழுக்குஞ் சிறிதும் இல்லாதபடி நகையை நன்கு கழுவ வேண்டும். போரிக்கமிலப் பொடியை மதுசாரத்திற் கலக்கி அதனுள் நகையைத் தோய்த்து எடுத்து, தீயைக் காட்டினால் மதுசாரம் பச்சைச் சுடராய் எரிந்து நீங்கும். கல்லின்மேலும் பொன்னின்மேலும் வெண்மையான மெல்லிய படலம் எஞ்சும். மேலும் சூடேற, அப்படலம் 450 பாகை அளவிலே உருகிக் கண்ணாடியாய்ப் பரந்து கல்லை மூடும். வயிரம் எரியும் எல்லையை எட்டுமுன்பே போர்வை ஆயத்தமாகிவிடுகின்றது. ஒட்டி முடிந்தபின் சூட்டோடு நீரில் அமிழ்த்தாது தானே ஆறவிட்டு, மெல்லிய அமிலநீரில் இட்டால் அப்போர்வை கரைந்து போய்விடும். கல் வந்தபடியே நிற்கும்.

அவ்விளைஞன் பட்டறையிலே போரிக்கமிலம் இல்லாமலில்லை. பொன்னுக்கென்று அதனைப் பூசியுமிருக்கின்றான். கல்லையும் மூடவேண்டும் என்று அவனுக்கு எவருஞ் சொல்லிக் கொடுக்கவில்லை. தந்தை கையிலிருந்து மகன் கைக்கு, பேச்சில்லாமலே சென்றுகொண்டிருந்த தொழில் இது. இடப்பெயர்வுகளால் பட்டறைகள் குலைந்து, முதியோர் ஒருபுறமும் இளையோர் ஒருபுறமுமாய்ச் சிதறியபோது, கருவிகளை மீண்டும் வாங்க முடிந்தது. கைமுறையை வாங்க முடியவில்லை.

பொடியான வயிரம்

காதிலும் மூக்கிலும் மின்னும் வயிரம் சிறுபான்மை. உலகிலே வழங்கும் வயிரத்தின் பெரும்பகுதி தொழிற்சாலைக்கு உரியது; அதுவும் மனிதனாற் செய்யப்பட்டது. 1953 ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு ஆசியா நிறுவனத்தார் கரியைப் பேரழுத்தத்திலும் பெருவெப்பத்திலும் இட்டு வயிரமாக்கினர். 1955 ஆம் ஆண்டிலே அமெரிக்க செனரல் இலெக்திரிக்கு நிறுவனத்தார் அவ்வெற்றியைத் தாமும் பெற்று உலகறிய வெளியிட்டனர். அதன்பின் வயிரத்துகள் கல்வெட்டுங் கருவிகளிலும் சாணைச் சக்கரங்களிலும் பரவிற்று. இன்று வன்னியிலே புதுவீடுகளுக்குத் தரையோடு பதிப்போர் கையிற் சுழலும் வெட்டுச் சில்லைப் பாருங்கள். அதன் விளிம்பிலே உலோகத்துக்குள் புதைந்து கடிப்பது வயிரத்துகளே.

இத்துகளுக்குத் தீயின் ஆபத்துத் தோட்டுக் கல்லினும் அதிகம். காரணம் எளிது. முழுக்குற்றி அடுப்பில் எரிய நேரஞ் செல்லும். அதனையே சிறாம்பாய்ப் பிளந்தால் பற்றி எரியும். பக்கத்துக்கு ஒரு சதமமீற்றர் அளவுள்ள கனக்கட்டி ஒன்றை ஒரு மில்லிமீற்றர்க் கட்டிகளாக வெட்டினால் ஆயிரங் கட்டிகள் கிடைக்கும். காற்றுப்படும் மேற்பரப்போ பத்து மடங்காகும். ஆதலால் நுண்ணிய வயிரத்தூள் பெருங்கல்லினுங் குறைந்த வெப்பத்திலேயே எரியத் தொடங்குகின்றது. வெட்டுச் சில்லின் விளிம்பைச் செய்வதற்கோ, உலோகத்தூளையும் வயிரத்துகளையும் கலந்து 700 முதல் 900 பாகை அளவிலே அழுத்தி இறுக்குகின்றனர். கண்ணாடிப் பசையிற் பிணிக்கும் சாணைச் சக்கரங்களுக்கும் அத்தகைய சூளை வேண்டும். மேலும் இரும்பு, கோபாற்று, நிக்கல் என்னும் உலோகங்கள் கடுஞ்சூட்டிலே வயிரத்தின் காபனைத் தம்முள்ளே கரைத்து இழுத்துக்கொள்ளும் இயல்பின. ஆகவே காற்றிலிருந்தும் உலோகத்திலிருந்தும் ஒருங்கே காக்குங் கவசம் ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனியே தேவைப்படுகின்றது.

அக்கவசங்களின் கனம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு அல்லது சிறிது கூடுதல். பொருளை ஆவியாக்கித் துகளின்மேற் படியவைப்பதும், கரைசலிலே தோய்த்து உலர்த்திச் சுடுவதும் அவற்றை இடும் முறைகள். பூச்சுக்கு எப்பொருளையுங் கொள்ளலாமா? கொள்ள முடியாது. நல்ல பூச்சுக்கு மூன்று குணங்கள் வேண்டும்.

முதலாவது, பற்று. வயிரத்தோடு எளிதிற் சேராத பொருள் உரிந்து விழும். தைத்தேனியம் வயிரத்தின் மேற்பரப்பிலுள்ள காபனோடு சிறிது கூடித் தைத்தேனியம் காபைட்டாகி வேரூன்றிக்கொள்ளும்; மறுபுறத்தே சில்லின் உலோகத்தையும் பற்றிக்கொள்ளும். யாப்பிலே ஆசு செய்யும் வேலையை இங்கே அது செய்கின்றது.

இரண்டாவது, ஒத்து விரிதல். சூட்டில் எப்பொருளும் விரியும். வயிரம் மிகக் குறைவாகவே விரியும். நீலக்கல்லின் பொருளாகிய அலுமினியம் ஒட்சைட்டு, சாதாரண வெப்பநிலையிலே அதனினும் பல மடங்கு விரிகின்றது. எரிந்து முடிந்ததாயினும் தனியே தடித்த பூச்சாக இட்டால் சூடேறி ஆறுகையில் வெடித்துப் பிளக்கும். பிளவின் வழியே காற்றுப் புகும். ஆகவே அதனை மிக மெல்லியதாக இடுதலும், வேறு பொருளை இடையில் இட்டு அதன்மேல் இடுதலும் செய்வர்.

மூன்றாவது, தன் புண்ணைத் தானே ஆற்றுதல். சிலிக்கன் காபைட்டுப் பூச்சு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கடுஞ்சூட்டிலே காற்றுப் பட்டதும் அதன் மேற்றோல் சிறிது ஒட்சியேறிச் சிலிக்காவாகின்றது. அச்சிலிக்கா கண்ணாடிபோல் மூடி, மேலும் காற்றுப் புகாமல் தடுக்கின்றது. தன்னிற் சிறிது வெந்து, அவ்வெந்த நீற்றையே தன் கவசமாக்குகின்றது. போரன் சேர்ந்த பூச்சுக்களோ குறைந்த வெப்பத்திலேயே உருகி ஓடி வெடிப்புக்களை நிரப்பும். நீராவி மிகுந்த கடுஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தால் ஆவியாய்க் கழிந்துவிடும். பொற்கொல்லரின் சில நிமிட வேலைக்குப் போரிக்கமிலம் போதுமானதும், நெடுநேரச் சூளைக்கு வேறு துணை வேண்டுவதும் இதனாலேதான்.

சிலிக்கன் காபைட்டு என்றதும் அது எங்கோ தொலைவிலுள்ள பொருளென்று எண்ணவேண்டியதில்லை. எம் நெல்லாலைகளின் பின்புறத்தே மலையாய்க் குவிந்து கிடக்கும் உமியை எரித்தால், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பலாய் எஞ்சும். அச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. உமியை முதலிலே கரியாக்கி, பின்பு ஒட்சிசன் புகாத உலையிலே 1,400 பாகைக்கு மேற் சூடாக்கினால், அதிலுள்ள காபனும் சிலிக்காவும் வினைபுரிந்து சிலிக்கன் காபைட்டைத் தரும் என்பது 1970 களிலேயே காட்டப்பட்டது. விண்வெளிக்குச் சென்று மீண்ட அமெரிக்க ஓடங்களின் மூக்கும் சிறகின் முன்விளிம்பும் காபனால் ஆனவை; வளிமண்டலத்துட் புகுகையில் அவை எரியாதபடி மேலே இடப்பட்டிருந்தது சிலிக்கன் காபைட்டுப் பூச்சே. அடுப்பங்கரைச் சாம்பலின் சூத்திரம் வான்வரை சென்றிருக்கின்றது.

செய்யத்தக்கன

கற்றவற்றுள் நடைமுறைக்கு உதவுவதைச் சொல்லி முடிப்பதே முறை. கல் பதித்த நகையை ஒட்டுவிக்கக் கொடுப்போர் மூன்று செய்திகளை மனங்கொள்ளுதல் நன்று. கொடுக்குமுன் கல்லின் எடையையும், வில்லையினூடே தெரியும் அதன் உட்குறியையும் பற்றுச்சீட்டிலே எழுதுவித்துக் கொள்க. கல்லைக் கழற்றி ஒட்ட முடியுமா என்று கேட்க. முடியாதெனின், போரிக்கமிலத்திலே தோய்த்து ஒட்டும்படி சொல்லுக. கல் வெளிறி வந்தால், களவு என்று கூவுமுன் அறிந்தார் ஒருவரிடங் காட்டுக. மூடியிருந்த இடம் தெளிந்தும் திறந்திருந்த இடம் வெளிறியும் காணப்படின் அது தீயின் செயல்.

பட்டறையாளர்க்கும் ஒரு சொல். முதியவர் கைகளில் எஞ்சியுள்ள முறைகளை எழுத்திலேற்ற வேண்டிய காலம் இது. நெளுக்குளத்துக்கு அணித்தாய்ப் பம்பைமடுவிலே, 2021 ஆம் ஆண்டு தொடக்கம் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்குகின்றது. பிரயோக விஞ்ஞானங் கற்பிக்கும் பீடமும் அங்குண்டு. அங்குள்ள ஆசிரியர் சிலரும் நகரத்துப் பொற்கொல்லர் சிலரும் ஒருநாள் கூடியிருந்து, எந்தக் கல்லை எவ்வளவு சூட்டில் எதனாற் போர்த்து ஒட்டலாம் என்று ஒரு சிறு கைந்நூல் ஆக்கித் தருவாராயின், அது நூறு பட்டறைகளுக்குப் பயன்படும். அதனைத் தமிழிலே பிழையற எழுதிக் கொடுக்கும் பணியை யான் மகிழ்ந்து ஏற்பேன்.

போரைக் கடந்து வந்த பொருள்கள் எம்மிடையே மிகச் சில. அவற்றுள் ஒன்று ஒருநிமிடச் சுடரிலே வெளிறுவதும், அதன் பழியை வறிய பிள்ளை ஒருவன் சுமப்பதும் தடுக்க முடியாத விதி அல்ல. ஒரு சிட்டிகை வெண்பொடி போதும். அது எதற்கென்று அறிந்த கை வேண்டும்.